பால் வற்றுவது வேறு, சட்டி ஒழுகுவது வேறு!

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் பைக்கின் பெட்ரோல் டேங்க் சொட்ட ஆரம்பித்தால் என்ன மருந்து? பஸ் ஸ்டாண்டில் கேளுங்கள். டீக்கடையில் கேளுங்கள். பஞ்சாலையில் ஷிப்டு முடிந்து வருகிறவரைக் கேளுங்கள். எல்லாரிடமும் ஒரே பதில்தான்.

"ஒரு பார் சோப்பு வாங்கி ஓட்டை மேல அழுத்தித் தேய்ங்கண்ணே. நின்னுரும்."

நிற்கும். பிரச்சினையே அதுதான்!

சோப்பு பெட்ரோலில் கரையாது. அதனால் ஓட்டையில் அப்பிக்கொள்ளும், சொட்டு நின்றுவிடும். நடுவழியில் மாட்டிக்கொண்டவர் ஒர்க்‌ஷாப் வரை வந்து சேர இது நல்ல உபாயம். அதில் யாருக்கும் சண்டை இல்லை. ஆனால் அந்த வண்டி ஒர்க்‌ஷாப்புக்கு வருவதே இல்லையே! சொட்டு நின்றதும் வேலை முடிந்தது என்று கணக்கை முடித்துவிடுகிறார்கள். மழையில் சோப்பு கரைந்தால் மறுபடி சோப்பு. அதுவும் சரிப்படவில்லையா, எம்சீல். வருஷக்கணக்கில் இப்படியே ஓட்டிவிட்டு, "பாத்தீங்களா, பத்து ரூபாயில முடிச்சேன்" என்று பெருமை வேறு.

இந்தப் பெருமையைத்தான் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. கேட்பதற்கு ஒரு சின்ன விமானத்தைப் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பது நல்லது.

"பைக்கைப் பத்திப் பேசும்போது விமானம் எதுக்குய்யா?" என்று சிரிக்க வேண்டாம். 2025 நவம்பரில் புதுக்கோட்டைப் பக்கம் தேசிய நெடுஞ்சாலையில் ஒரு பயிற்சி விமானம் அவசரமாக இறங்கி, ஊரே கூடி செல்போனில் படம் பிடித்ததே, அந்த மாதிரி சின்ன விமானங்களைப் பற்றிய பேச்சு இது. உலகம் முழுக்க அதிகம் ஓடுகிற செஸ்னா 172-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 4 பேர் உட்காரலாம். முன்னால் ஒரே ஒரு பிஸ்டன் என்ஜின். பெரிய ஜெட் விமானங்களுக்கு ஊற்றுவது மண்ணெண்ணெய் வகை. இதற்கு ஊற்றுவது பெட்ரோல் வகை. சொந்தக்காரர் ஒருவரே வாங்கி ஓட்டுகிற விமானமும் இந்த ரகம்தான். அதாவது பைக்குக்கு ரொம்ப தூரத்துச் சொந்தம் ஒன்றும் இல்லை. சித்தப்பா மகன் என்றே சொல்லலாம் :-)

அதே சோப்பு, வேறு வேலை

இந்த விமானத்தின் பெட்ரோல் இருப்பது இறக்கைக்குள். புதிய மாடல்களில் சுமார் 212 லிட்டர் பிடிக்கும். உள்ளே தனியாக ஒரு தகர டேங்க் கிடையாது. ரிவெட் அடித்த அலுமினிய இறக்கையின் ஒரு பகுதியே டேங்க். தகடுகள் சேருகிற இடங்களில் உள்பக்கமாக ரப்பர் மாதிரி ஒரு பசை பூசியிருப்பார்கள். வருஷம் போகப் போக வெயிலிலும் அதிர்விலும் அந்தப் பசை காய்ந்து வெடிக்கும். அப்போது ஒழுகும். ஆக, விமானம் ஒழுகாது என்று யாரும் நினைக்க வேண்டாம். நன்றாகவே ஒழுகும்.

ஒழுகினால் காட்டிக்கொடுக்க ஒரு ஏற்பாடும் உண்டு. இந்தப் பெட்ரோலில் நீலச் சாயம் கலந்திருக்கும். பெட்ரோல் ஆவியாகிப் போனாலும் இறக்கைக்கு அடியில் நீலக் கறை நிற்கும். ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும் விமானி சுற்றி வந்து குனிந்து பார்க்க வேண்டியவற்றில் அதுவும் ஒன்று.

கறை தெரிந்தால்? அங்கேதான் வித்தியாசம் ஆரம்பிக்கிறது. முதலில் அடைக்க மாட்டார்கள். அளப்பார்கள்! துடைத்துவிட்டு 30 நிமிடம் விட்டுப் பார்க்க வேண்டும். நனைந்த இடம் முக்கால் அங்குலத்துக்குள் இருந்தால், அதாவது ஒரு ரூபாய் நாணயத்தை விடச் சின்னதாக இருந்தால், அது வெறும் கறை. ஒன்றரை அங்குலம் வரை கசிவு. 4 அங்குலம் வரை பெருங்கசிவு. கீழே சொட்டினால் ஓடும் ஒழுகல். அமெரிக்க விமானத் துறையின் பராமரிப்புக் கையேட்டில் இருக்கிற பாகுபாடு இது. கறை என்றால் குறித்து வைத்துக் கவனித்து வரலாம். சொட்டினால் பறக்கக் கூடாது. காற்றுப் போகாத மூடிய இடத்துக்குள் ஒழுகினால், தீப்பிடிக்கும் ஆபத்து என்று சரிசெய்த பிறகுதான் பறக்க வேண்டும்.

அடுத்து ஓட்டையைத் தேட வேண்டும். இது அவ்வளவு சுலபமில்லை. ஓட்டு வீட்டில் மழை ஒழுகும்போது சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலேயா ஓடு உடைந்திருக்கும்? எங்கோ உடைந்திருக்கும், தண்ணீர் சட்டம் வழியாக ஓடி வந்து வேறெங்கோ சொட்டும். இறக்கையிலும் அதே கதை. உள்ளே ஒரு மூலையில் பசை விட்டிருக்கும், நீலக் கறை நாலு ரிவெட் தள்ளி வரும். வெளியில் தெரிகிற இடத்தில் எதையாவது அப்பினால் பெட்ரோல் இன்னொரு வழி பார்த்துக்கொள்ளும்.

அதனால் பெட்ரோலை இறக்கிவிட்டு, ஆவியையும் வெளியேற்றிவிட்டு, மிகக் குறைந்த அழுத்தத்தில் டேங்கில் காற்று ஏற்றுவார்கள். அழுத்தம் கூடினால் இறக்கையே கெட்டுவிடும். பிறகு சந்தேகப்படுகிற இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவுவார்கள். எங்கே குமிழி கிளம்புகிறதோ அங்கேதான் கோளாறு.

கவனித்தீர்களா? அங்கேயும் சோப்புதான். ஆனால் அங்கே அது ஓட்டையைக் கண்டுபிடிக்க. இங்கே ஓட்டையை மறைக்க! இந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான் இவ்வளவு பேச்சும்.

கண்டுபிடித்த பிறகு மூடியைத் திறந்து, பழைய பசையைச் சுரண்டி எடுத்து, சுத்தம் செய்து, புதுப் பசை பூசி, அது இறுகும் வரை காத்திருந்து, மறுபடி சோதிப்பார்கள். கடைசியில் செய்த வேலையை ஏட்டில் எழுதி, உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் கையெழுத்துப் போட வேண்டும். நாளைக்கு ஏதாவது ஆனால் யாரைக் கேட்பது என்று அந்தத் தாளில் பேர் இருக்கும். இந்தியாவில் டிஜிசிஏ விதியும் இதுதான்.

காமர்ஸ் படித்தவர்களுக்கு மட்டும் இல்லை

காஸ்ட் அக்கவுண்டிங்கில் நார்மல் லாஸ், அப்நார்மல் லாஸ் என்று இரண்டு வரும். பரீட்சைக்கு மனப்பாடம் செய்து, எழுதி, மறந்துபோகிற விஷயம். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவா கடை அடுப்பைப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் புரிந்துவிடும். பாலைக் காய்ச்சினால் வற்றும். வற்றாவிட்டால் பால்கோவாவே இல்லை. அது நார்மல் லாஸ். அந்தச் செலவைத் தேறிய பால்கோவாவின் விலையில் சேர்த்துவிடலாம். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவாவிலும் இந்த நஷ்டம் உண்டு, யாரும் கேட்க மாட்டார்கள்.

ஆனால் சட்டியில் கீறல் விழுந்து பால் அடுப்பில் ஒழுகினால்? அது அப்நார்மல் லாஸ். அதை பால்கோவா விலையில் ஒளித்து வைக்கக் கூடாது. தனியாக எடுத்து லாப நஷ்டக் கணக்கில் எழுத வேண்டும். ஏன் தனியாக? முதலாளி கண்ணில் பட வேண்டும், "யாருய்யா சட்டியை மாத்தலை?" என்று கேட்க வேண்டும், அதற்குத்தான்.

சோப்பு வைத்தியம் செய்கிற காரியம் என்ன? அப்நார்மல் லாஸை நார்மல் லாஸ் தலைப்பில் எழுதுகிறது. "பழைய வண்டின்னா கொஞ்சம் ஒழுகத்தாங்க செய்யும்." இந்த ஒரு வாக்கியம் போதும், கணக்கே மாறிவிடுகிறது. அதற்குப் பிறகு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

கணக்கு என்றதும் ஒரு கணக்கு. சோப்பு கரைந்து 3 விநாடிக்கு ஒரு சொட்டு விழுகிறது, 40 சொட்டுக்கு ஒரு மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 28,800 சொட்டு. 720 மில்லி. லிட்டர் 100 ரூபாய் என்றாலும் நாளைக்கு 72 ரூபாய், மாதம் 2,160 ரூபாய். பத்து ரூபாயில் முடித்தது எங்கே முடிந்தது?

நல்ல டேங்கையும் குடித்த ஒழுகல்

பாடப்புத்தகத்தில் இன்னொரு வரி உண்டு. நார்மல் லாஸின் செலவை மிச்சமிருக்கும் நல்ல யூனிட்டுகள் சுமக்கும். இதை வானத்தில் நிரூபித்த கதை ஒன்று இருக்கிறது. சின்ன விமானம் இல்லை, பெரிய ஏர்பஸ். ஆனால் பாடம் அதேதான்.

2001 ஆகஸ்ட் 24. கனடாவின் ஏர் டிரான்சாட் நிறுவனத்தின் 236-ம் எண் விமானம். டொரன்டோவிலிருந்து லிஸ்பனுக்கு 306 பேருடன் கிளம்பியது. சில நாட்களுக்கு முன்புதான் அதன் வலது என்ஜினை மாற்றியிருந்தார்கள். மாற்றி வைத்த என்ஜின் கொஞ்சம் பழைய அமைப்பு. பழைய என்ஜினிலிருந்து கழற்றிய பம்ப்பும் குழாயும் புது இடத்தில் சரியாக உட்காரவில்லை. வேலை பார்த்தவருக்கே சந்தேகம் வந்தது. விளக்கம் இருந்த தொழில்நுட்பக் குறிப்பைக் கணினியில் திறக்க முடியவில்லை. இருந்தாலும் அட்ஜஸ்ட் செய்து மாட்டியாகிவிட்டது. ஹைட்ராலிக் குழாயும் எரிபொருள் குழாயும் உரசிக்கொண்டே இருந்தன. அட்லாண்டிக் கடலுக்கு மேலே குழாய் பிய்ந்தது.

ஒரு பக்க டேங்கில் மட்டும் எரிபொருள் வேகமாகக் குறைவதைக் கருவி காட்டியது. அவ்வளவு ஒழுகும் என்று நம்ப முடியாத விமானிகள், கணினிக் கோளாறாக இருக்கும் என்று முதலில் நினைத்தார்கள். இரண்டு பக்கத்தையும் சமன்செய்ய நடு வால்வைத் திறந்தார்கள். விளைவு? நல்ல டேங்கில் இருந்த எரிபொருளும் ஒழுகுகிற பக்கமே போய்க் கடலில் கொட்டியது. இரண்டு என்ஜினும் நின்றன. சுமார் 19 நிமிடம் என்ஜின் இல்லாமலே மிதந்து வந்து அசோர்ஸ் தீவில் இறங்கினார்கள். 306 பேரும் பிழைத்தார்கள். இறக்கிய விமானிகளின் திறமை அது. நிறுவனம் பொறுப்பை ஏற்று 2,50,000 கனடா டாலர் அபராதம் கட்டியது.

நல்ல டேங்க் கெட்ட டேங்கைச் சுமந்த கதை இது. ராஜபாளையத்தில் அந்த நல்ல டேங்க் யார்? பின்சீட்டில் உட்கார்ந்து வருகிற மனைவி. டேங்குக்கு முன்னால் உட்கார்ந்து ஹாரன் அடிக்கிற குழந்தை. ராத்திரி பைக்கை வீட்டுக்குள் ஏற்றி நிறுத்தினால், அதே வீட்டில் தூங்குகிற அத்தனை பேரும். பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது. மேலே பறந்து போகாது, தரையோடு தவழும். பூஜ்ஜியத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரில்கூடத் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும். அது தவழ்ந்து போகிற வழியில் சாமி விளக்கு இருக்கலாம், கேஸ் அடுப்பு இருக்கலாம். ஒரு தீப்பொறி என்ன செய்யும் என்று விருதுநகர் மாவட்டத்துக்கு வெளியூர்க்காரர் வந்து பாடம் எடுக்க வேண்டுமா என்ன? 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் 30-க்கும் மேற்பட்டவர்கள் செத்தது இதே மாவட்டத்தில்தானே!

"ஏழைக்கு வேற வழி?"

இந்த இடத்தில் ஒரு குரல் கட்டாயம் வரும். "விமானம் வெச்சிருக்கவன் கோடீஸ்வரன். அவனுக்கு ஏடு, கையெழுத்து எல்லாம் கட்டுப்படியாகும். கூலிக்காரன் புது டேங்குக்கு எங்க போவான்? சோப்புதான் அவன் புத்திசாலித்தனம்."

நியாயமான கேள்வி. பதிலும் இருக்கிறது.

ஒன்று. பணம் இல்லாததால்தான் அட்ஜஸ்ட் செய்கிறார்கள் என்றால் ஏர் டிரான்சாட் ஏன் செய்தது? அவர்களிடம் பணம் இல்லையா? அட்ஜஸ்ட் புத்தி ஏழ்மையில் பிறந்தது இல்லை. அவசரத்திலும், யாரும் கேட்க மாட்டார்கள் என்ற தைரியத்திலும் பிறந்தது.

இரண்டு. டேங்க் ஒழுகுகிறது என்று சொல்லப்படுகிற பாதி நேரம் டேங்க் ஒழுகுவதே இல்லை! பெட்ரோல் காக் ரப்பர் வாஷர் நைந்திருக்கும், டியூப் வெடித்திருக்கும், கிளிப் தளர்ந்திருக்கும். சில பத்து ரூபாய் சமாச்சாரம். எங்கே ஒழுகுகிறது என்று துடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பார்க்காமல் டேங்கின் அடியில் சோப்பை அப்புவதற்குப் பேர் சிக்கனம் இல்லை, சோம்பேறித்தனம்.

மூன்று. அந்தக் காலத்து வித்தைக்கு இந்தக் காலத்துப் பெட்ரோல் ஒத்துழைக்காது. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் என்பது ஆல்கஹால். சோப்பு பெட்ரோலில் கரையாது, ஆனால் ஆல்கஹாலில் கரையும். சில பழைய வண்டிகளில் ரப்பர் பாகங்களைக் கொஞ்சம் முன்னதாகவே மாற்ற வேண்டிவரலாம் என்று 2025-ல் பெட்ரோலிய அமைச்சகமே சொன்னது. ஒழுகல் கூடப் போகிறது, சோப்பு தோற்கப் போகிறது.

நான்கு. சோப்பு மேல் சோப்பு, எம்சீல் மேல் எம்சீல் என்று தள்ளிப்போட்ட டேங்க் ஒரு நாள் வெல்டிங் பட்டறைக்குத்தான் போகும். பெட்ரோலை வடித்துவிட்டால் பயமில்லை என்று நினைக்கிறார்கள். உண்மையில் நிறைந்த டேங்கை விடக் காலி டேங்க் ஆபத்து. உள்ளே இருப்பது முழுக்க ஆவியும் காற்றும். விவரமான பட்டறைக்காரர் நன்றாகக் கழுவி, தண்ணீர் நிரப்பிய பிறகே நெருப்பைக் காட்டுவார். அவசரப்படுத்துகிற வாடிக்கையாளரும் விவரம் தெரியாத பையனும் சேர்ந்தால் என்ன ஆகும்? அந்த நஷ்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஒழுங்கு தெரியாத ஊரா இது?

மெக்கானிக்குக்குத் திறமை இல்லை என்று யாரும் சொல்லவில்லை. என்ஜின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்கிறவர்கள் இந்த ஊர்களில் இருக்கிறார்கள். ஒழுங்குமுறை தெரியாத ஊரும் இல்லை. 1936-ல் தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் முதல் இன்றைய ஆலைகள் வரை பஞ்சாலைகளால் வளர்ந்த ஊர். எந்த மிஷினை எப்போது நிறுத்தி எதை மாற்ற வேண்டும் என்று அட்டவணை போட்டு வேலை பார்ப்பவர்கள் மில்காரர்கள். உள்ளே போன பஞ்சுக்கும் வெளியே வந்த நூலுக்கும் எடை இடித்தால், கண்ணுக்குத் தெரியாமல் போனதற்குக்கூட "இன்விசிபிள் லாஸ்" என்று தனி வரி போட்டுக் கணக்குச் சொல்வார்கள்.

இன்னும் வேடிக்கை, இந்த ஊரில் வேர்விட்ட ராம்கோ குழுமத்தைச் சேர்ந்த ராம்கோ சிஸ்டம்ஸ் சென்னையிலிருந்து செய்து விற்கிறவற்றில் ஒன்று விமானப் பராமரிப்பு மென்பொருள். எந்த விமானத்தில் எந்தப் பாகத்தை எப்போது சோதிக்க வேண்டும், யார் செய்தார், யார் ஒப்புதல் கொடுத்தார் என்று குறித்து வைக்கிற சரக்கு அது. ராஜபாளையத்தில் பேர் எடுத்த குழுமம் உலகத்துக்கு ஒழுங்கை விற்கிறது. ராஜபாளையத்து ரோட்டில் டேங்குக்குச் சோப்பு!

மில் வாசலைத் தாண்டியதும் ஏன் எல்லாம் மாறுகிறது? உள்ளே கேட்பதற்கு ஆள் உண்டு, வெளியே இல்லை. சொந்த பைக்கை 15 வருஷம் கழித்துப் பதிவு புதுப்பிக்கும்போதுதான் ஆர்டிஓ அலுவலகம் நேரில் பார்க்கிறது. நடுவில் வாங்குகிற புகைச் சான்றிதழ் சைலன்சரை மட்டும் முகர்ந்து பார்க்கும். ஒரு முழம் மேலே டேங்க் சொட்டிக்கொண்டிருந்தாலும் சான்றிதழ் கிடைக்கும்.

செய்ய வேண்டியது மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. புகைச் சோதனை செய்கிற இடத்திலேயே குனிந்து டேங்கையும் டியூபையும் ஒரு பார்வை பார்க்கச் சொல்லலாம். ஒர்க்‌ஷாப் பில்லில் "டேங்க் ரிப்பேர்" என்று ஒற்றை வரி போடுவதற்குப் பதில் எங்கே ஒழுகியது, என்ன மாற்றியது, மறுபடி எப்போது பார்க்க வேண்டும் என்று மூன்று வரி எழுதிக் கையெழுத்துப் போடலாம். வண்டிக்காரர் அந்த மூன்று வரியைக் கேட்டு வாங்கலாம், அந்த வேலைக்கு உரிய கூலியை முகம் சுளிக்காமல் கொடுக்கலாம். சோப்பு வேண்டுமா? தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், ஒர்க்‌ஷாப் போய்ச் சேருகிற வரை மட்டும்.

ஒழுகுவது குற்றமில்லை. அட்லாண்டிக் தாண்டுகிற விமானமே ஒழுகுகிறது, பழைய பைக் ஒழுகாதா? ஒழுகுவதை அளக்காமல், எழுதாமல், யார் பொறுப்பு என்று சொல்லாமல் மூடிவிட்டு அதற்குத் திறமை என்று பட்டம் கொடுப்பதுதான் குற்றம். பால்கோவா கிண்டுகிற ஊருக்கு இது தெரியாத விஷயமில்லை. பால் வற்றினால் கிளறிக்கொண்டே இருக்கலாம். சட்டி ஒழுகினால் அடுப்பை அணைத்துவிட்டுச் சட்டியை இறக்க வேண்டும்.